பொட்டுக்கு அடியில் எரிந்த விளக்கு

மகன் செத்த வண்டியைக் கந்தப்பன் விற்காமல் வைத்திருந்தது அவருடைய உறவுக்காரர்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. உயிர் போன வண்டியை வாசலில் நிறுத்தக் கூடாது, வெளி மாவட்டத்துப் புரோக்கர் எவனுக்காவது வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது மல்லசமுத்திரம் பக்கத்து வழக்கம். கந்தப்பன் அதைச் செய்யவில்லை. நசுங்கிய முன்பக்கத்தைப் பட்டறையில் நிமிர்த்தி, புதுக் கண்ணாடி போட்டு, வீட்டுக்கு ஓட்டிவந்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார்.

நான் அந்த வீட்டுக்குப் போனது அவர் மனைவி சென்னம்மாளைக் கவனித்துக்கொள்ள. மகனை அடக்கம் செய்த அடுத்த மாதமே அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் போடவும், புண் வராமல் பார்த்துக்கொள்ளவும், சோறு புரை ஏறாமல் ஊட்டவும் பயிற்சி பெற்று, அதே வேலையில் தலை நரைத்தவள் நான். வீட்டில் எல்லோருக்கும் நான் நர்சம்மா. நோயாளியைப் பற்றி எழுத எனக்கு எப்போதும் நிறைய இருக்கும். ஆனால் இது கந்தப்பனைப் பற்றியது.

அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அப்பன் விட்டுப்போனது வானம் பார்த்த காடு. அதில் ஆழ்துளைக் கிணறு இறக்கி, வந்த தண்ணீர் உப்பாக இருந்தாலும் அதை வைத்தே குச்சிக்கிழங்கும் நிலக்கடலையும் எடுத்தவர். சுத்தத்தில் கொஞ்சம் கிறுக்கு உண்டு. மண்வெட்டியைக் கூடக் கழுவித் துடைத்துத்தான் சுவரில் சாய்ப்பார். அவர் வீட்டு மாட்டுக் கட்டுத்தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கல்யாணமாகி வெகு காலம் கழித்துப் பிறந்த ஒரே மகன் குணசீலன். அவன் ஆசைப்பட்டான் என்றுதான் அந்தப் பழைய பிக்கப்பை வாங்கினார். உள்ளே இரண்டு வரிசை இருக்கை, பின்னால் மூட்டை ஏற்றத் திறந்த தொட்டி. ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் ஏர்பேக் உண்டு என்று புரோக்கர் சொன்னதைக் கந்தப்பன் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

விபத்து நடந்தது மாசியில். விளக்கில்லாமல் நின்றிருந்த கரும்பு டிரெய்லரின் பின்னால் குணசீலன் போய் மோதினான். பெல்ட் போட்டிருந்தான். விரிய வேண்டிய ஏர்பேக் விரியவில்லை, தலை ஸ்டியரிங்கில் அடித்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் வண்டியைப் பார்க்கப் போன உறவுக்காரர்கள் சாவியைத் திருப்பிப் பார்த்தபோது மீட்டரில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது. அது எரிந்தால் ஏர்பேக் வேலை செய்யாது என்று அவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. செய்தி சாவுப் பந்தலுக்கு வந்து சேர்வதற்குள் குற்றவாளியும் தயாராகிவிட்டான்.

அவன் சந்தோஷ்குமார். குணசீலனோடு பள்ளியில் படித்தவன். மல்லசமுத்திரத்தில் வண்டிகளுக்குப் பாட்டுப்பெட்டியும் சீட் கவரும் மாட்டுகிற கடை வைத்திருந்தான். தைப்பொங்கலுக்கு இந்த வண்டிக்கும் இரண்டையும் மாட்டிக் கொடுத்தது அவன்தான். அடக்கத்தன்று அவன் மாலையோடு வந்து நின்றபோது நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்த பல பேர் எனக்கு நடித்தே காட்டியிருக்கிறார்கள்.

“வயரெ அறுத்துப்போட்டு என்ற பையனெக் கொன்னுபோட்டியேடா!” என்று கந்தப்பன் கத்தினாராம்.

“மாமா, நான் கை வெக்கறதுக்கு முன்னாடியே அந்த லைட்டு எரிஞ்சுதுங்க. உங்ககிட்டச் சொன்னனுங்களே.”

கந்தப்பன் அவனை ஊர் பார்க்க அறைந்தார். மாலை கீழே விழுந்தது. அதன் பிறகு அந்தக் கடைக்கு வண்டி எதுவும் போகவில்லை. கொஞ்ச நாளில் ஷட்டரை இறக்கிவிட்டு அவன் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் கட்டுகிற யார்டில் வயரிங் கூலியாகச் சேர்ந்தான்.

கந்தப்பன் வண்டியை விற்காததற்குக் காரணம் இதுதான். அவன் அறுத்த வயரை விவரம் தெரிந்த ஒருவர் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும், அதை வைத்துக் கேஸ் கொடுக்க வேண்டும். உள்ளூர் மெக்கானிக்குகள் யாரும் ஏர்பேக்கைத் தொட மாட்டேன் என்றார்கள். ஒருவர், விளக்கை மட்டும் பிடுங்கிவிடலாம், எரிந்தால்தானே பிரச்சினை என்றாராம். கடைசியில் ஆட்டையாம்பட்டிக்கு அப்பால் சேலம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மாரியப்பன் ஒப்புக்கொண்டார். வண்டி எலக்ட்ரீஷியன். வாயாடி.

சென்னம்மாளைச் சேலத்தில் பிசியோதெரபிக்குக் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் அங்கே நிறுத்தினோம். அவளைச் சக்கர நாற்காலியில் இறக்கித் தகரக் கொட்டகையின் நிழலில் தள்ளி வைத்தேன். வீட்டுக்குப் போய்விட்டு வேறொரு நாள் வரலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. “நானும் பாக்கோணும்” என்றாள். பக்கவாதத்தில் அவள் பேச்சு குழறும், பழகியவர்களுக்குத்தான் விளங்கும். இங்கே நான் தெளிவாகவே எழுதுகிறேன்.

மாரியப்பன் முதலில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். கோளாறு என்று பல வரிகள் வந்தன. பிறகு பாட்டரியைக் கழற்றிவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“என்னுங்க, உக்காந்துட்டீங்க?” என்றார் கந்தப்பன்.

“உள்ள மிச்சமிருக்கற கரண்டு வடியோணும்ணா. அவசரப்பட்டு ஏர்பேக்கோட மஞ்சப் பிளக்கெத் தொட்டனுங்கன்னா என்ற மூஞ்சி உங்க வண்டில ஒட்டிக்கும். என்ற ஊட்டுக்காரிக்கு வேணும்னா அது சந்தோசமா இருக்கும்.” பிறகு என்னைப் பார்த்து, “உங்க வேலெயாட்டத்தானுங்க நர்சம்மா இதும். எங்க வலிக்குதுன்னு வண்டி வாயத் தொறந்து சொல்லாது. நாமளா அமுத்தி அமுத்திப் பாக்கோணும்” என்றார்.

கந்தப்பன் சிரிக்கவில்லை. “அந்தப் பையன் கை வெச்ச எடத்தெ மொதல்ல பாருங்க.”

மாரியப்பன் அப்படியே செய்தார். பாட்டுப்பெட்டியை வெளியே இழுத்து அதன் பின்னால் டார்ச் அடித்தார். வயர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக டேப் சுற்றி, ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் வயர் வேறு பக்கமாகப் போனது.

“வேலெ தெரிஞ்சவன் மாட்டியிருக்கானுங்க. மஞ்ச வயருகிட்டயே வரல.”

“சீட்டுக்கு அடியில பாருங்க. சீட்டெக் கழட்டித்தான கவரு போட்டான்?”

நியாயமான சந்தேகம்தான் என்று மாரியப்பனே சொன்னார். சீட் கவர் போடுகிறவர்கள் அடியில் இருக்கும் மஞ்சள் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சரியாக மாட்டாமல் விட்டுவிடுவதுண்டாம். சீட்டைக் கழற்றினார். பிளக் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் பூட்டு கூடத் திறக்கப்படவில்லை.

“பேக்டரில போட்ட பூட்டுங்க இது. பிளக்கெக் கழட்டாமயே பக்குவமாச் சீட்டெச் சாய்ச்சு வேலெ பாத்திருக்கான்.”

கந்தப்பன் முகத்தைத் துண்டால் துடைத்தார். “அப்ப ஸ்டியரிங்குல என்னமோ பண்ணியிருக்கான்.”

ஸ்டியரிங்கிலிருந்து ஏர்பேக்கைக் கழற்றி, விரிகிற பக்கம் மேலே பார்க்கும்படி, எல்லோருக்கும் தள்ளி ஒரு பலகையில் வைத்தார் மாரியப்பன். அது இருந்த இடத்திலும், பிறகு ஸ்டியரிங் வயரின் மறுமுனையிலும், ஏர்பேக்குக்குப் பதிலாகச் சோதனைக்கென்று வைத்திருந்த சின்ன ரெசிஸ்டரைச் செருகினார். ஒவ்வொரு தடவையும் பாட்டரியை மாட்டி ஸ்கேன் செய்தார். விளக்கு அணையவில்லை. ஏர்பேக்கில் கோளாறு இல்லை, ஸ்டியரிங்குக்குள் சுற்றியிருக்கும் வயரிலும் இல்லை என்று அவர் சொல்லச் சொல்லக் கந்தப்பன் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோளாறு வேண்டியிருந்தது. ஒவ்வொரு இடமும் நன்றாக இருக்க இருக்க அவர் கோபம் ஏறியது.

“அப்ப எங்கதான் அறுத்தான்?”

“அறுத்தான் அறுத்தான்னே சொல்லாதீங்கண்ணா. இன்னொரு எடம் பாக்கி இருக்குது.”

பாட்டரியை மறுபடி கழற்றி, மறுபடி காத்திருந்து, கியர் லீவரைச் சுற்றியிருந்த மூடியைத் திருப்புளியால் எடுத்தார். அடியில் விரிப்பு. அதைத் தூக்கியதும் ஊறிப்போன துணியின் நாற்றம் வந்தது. அங்கே தரையோடு சேர்த்து முடுக்கப்பட்ட ஒரு பெட்டி. ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பிளக்கைக் கழற்றியதும் உள்ளேயிருந்த கம்பிகள் எல்லாம் பச்சையாக இருந்தன. உப்புக்குள் ஒட்டிக்கொண்டு, காய்ந்து கறுத்த செவ்வந்தி இதழ்கள் சில.

மாரியப்பன் ஒரு இதழைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“வண்டிக்குள்ளார தண்ணி உட்டுக் கழுவுவீங்களா?”

“ஆயுத பூசைக்கு.”

“ஈரத் துணிலயா?”

“ஹோஸ் புடிச்சு. மோட்டரெப் போட்டு.”

“போர் தண்ணிங்களா?”

கந்தப்பன் தலையாட்டினார். வாங்கியதிலிருந்து வருஷா வருஷம் அவரேதான் கழுவுவார், வேறு யாரையும் விட மாட்டார். கால்மிதியை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே தண்ணீரை அடித்து, நான்கு கதவும் திறந்து வைத்துக் காயவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போட்டு, பூசணிக்காய் உடைப்பார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மாரியப்பன் மீட்டர் கண்ணாடியை நகத்தால் சுரண்டினார். விளக்கு எரியும் இடத்தின் மேல் சந்தனப் பொட்டின் பாதி இன்னும் ஒட்டியிருந்தது. மீதி, மோதிய அதிர்ச்சியில் உதிர்ந்திருக்க வேண்டும்.

“இது எப்ப வெச்சதுங்க?”

“அந்த ஆயுத பூசைக்கு வெச்சது.” கந்தப்பன் வண்டியின் படியில் உட்கார்ந்தார். “பொங்கலப்பப் பாட்டுப்பொட்டி மாட்டறப்ப அவன் கேட்டான். மாமா, பொட்டுக்கு அடியில செவப்பா என்னமோ எரியுதாட்ட இருக்குது, தொடச்சுட்டுப் பாக்கட்டுங்களான்னு. சாமிக்கு வெச்ச பொட்டெத் தொடாதடான்னு சத்தம் போட்டன். அப்பறம் அதெ மறந்தே போனன்.”

பலகையில் இருந்த ஏர்பேக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “விரிஞ்சிருந்தாப் பொழச்சிருப்பானுங்களா?”

“அது என்னால சொல்ல முடியாதுங்கண்ணா. ஆராலயும் சொல்ல முடியாது.”

அந்தப் பெட்டியைத் துடைத்துக் காயவைத்தால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் மறுபடி மோதினால் விரியும் என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது என்றார் மாரியப்பன். புதுப் பெட்டிதான் போட வேண்டும். கந்தப்பன் புதிதே போடச் சொன்னார். அது சென்னையிலிருந்து வந்து, பச்சை பிடித்த கம்பிகளும் மாற்றி மாட்டப்பட்ட பிறகு நாங்கள் மறுபடி போனோம். சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு கொஞ்சம் எரிந்து தானே அணைய வேண்டும், அப்படி அணைந்தால் எல்லாம் சரி என்று மாரியப்பன் காட்டினார். கந்தப்பன் சாவியைத் திருப்பினார். எரிந்தது, அணைந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி எரிந்து அணைந்தது. மாரியப்பன் போய் வேறு வண்டியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். இவர் திருப்பிக்கொண்டே இருந்தார். நான் போய் அவர் கையிலிருந்து சாவியை வாங்க வேண்டியிருந்தது.

கோளாறைக் கண்டுபிடித்த அன்று சென்னம்மாள் கொட்டகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வீட்டுக்கு வந்து படுக்கையில் போட்டதும் சொன்னாள்.

“அந்த மெக்கானிக்கு, சந்தோசு ஆளு. ரெண்டு பேரும் ஒரே தொழிலு. ஒருத்தனெ ஒருத்தன் உட்டுக் குடுக்க மாட்டாங்க.”

கந்தப்பன் அவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டார்.

வருஷத் திதிக்கு அதே உறவு ஜனம் அதே வாசலில் கூடியது. சாப்பாட்டுக்கு முன்னால் கந்தப்பன் எழுந்து நின்று, சந்தோஷ்குமார் மேல் குற்றமில்லை, தண்ணீர் அடித்ததும் தான்தான், விளக்கைப் பொட்டு வைத்து மறைத்ததும் தான்தான், அவனை அறைந்தது தப்பு என்று சொன்னார். திணறாமல் சொன்னார். இதற்காகத் தனியே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அவருடைய பங்காளி செங்கோடன் எழுந்து வந்து தோளைப் பிடித்தார்.

“பெத்த புள்ளயெக் கொன்னவனெயே மன்னிக்கறதுன்னா, இந்த மனசு ஆருக்கப்பா வரும்?”

“நான் மன்னிக்கலீங்கண்ணா. நான் பண்ணுன தப்புங்கறன்.”

“தெரியுது, தெரியுது. பழியெ உன்ற தலையில தூக்கிப் போட்டுக்கற. நாங்களுந்தான் வருசா வருசம் தண்ணி அடிச்சுக் கழுவறோம். எங்க வண்டியெல்லாம் ஓடாமயா போச்சு?”

“ஏனுங்க மாமா, தண்ணி பட்டா வண்டி கெட்டுப்போகும்னா மழைல ஆருமே வண்டி எடுக்கக் கூடாதே?” என்று பந்திக்குப் பின்னாலிருந்து யாரோ கேட்க, சிலர் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

“செரி செரி, எலையெப் போடுங்கப்பா” என்றார் செங்கோடன். முடிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் கந்தப்பன் ஊரில் மகாத்மா ஆகியிருந்தார். சந்தோஷ்குமார் மன்னிக்கப்பட்ட கொலைகாரனாக ஆகியிருந்தான். முன்பைவிட மோசம்.

அடுத்த வாரம் பிசியோதெரபி முடிந்ததும் கந்தப்பன் வண்டியைத் திருச்செங்கோட்டுக்கு விட்டார். யார்டில் சந்தோஷ்குமார் ஒரு ரிக் லாரியின் அடியில் படுத்திருந்தான். எழுந்து வந்து, கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டு, பின் சீட்டில் என் மேல் சாய்ந்திருந்த சென்னம்மாளைப் பார்த்து, “நல்லாருக்கீங்களாங்கத்தே?” என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கந்தப்பன் அவனைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். பேச்சு எனக்கு நன்றாகவே கேட்டது.

“கடையெத் தொற சாமி. மொத வண்டியா என்றதெக் கொண்டாந்து நிறுத்தறன். பாட்டுப்பொட்டி புதுசா மாட்டு. ஊரு பாக்கட்டும்.”

“பாட்டு ஆருங்க மாமா கேக்கறது?”

கந்தப்பன் வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க வந்து நின்னா, பாவம், இவனுக்குப் பொழப்புக் குடுக்கறாருன்னுதான் சொல்லுவாங்க. திதில நீங்க சொன்னதுக்கு அப்பறம் என்ற அம்மா தண்ணிக் கொழாய்க்குக்கூடப் போறதில்லீங்க.” அவன் குரலை உயர்த்தவில்லை. “உங்களெ ஊரு நம்பாதுங்க மாமா. அத்தெ சொல்லோணும். பெத்தவ வாயில இருந்து வந்தா நம்புவாங்க. வாரவங்க போறவங்ககிட்ட ஒரு வார்த்தெ, அவன் பண்ணலீன்னு சொன்னாப் போதுங்க. இல்லீன்னா வடக்க போற ரிக்குல ஏறிக்கறன். கூப்பிட்டுட்டேதான் இருக்கறாங்க.”

அன்று வீட்டுக்கு வந்ததும் கந்தப்பன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவளிடம் கேட்டார். நான் வெளியே போக எழுந்தேன். சென்னம்மாள் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். ஆகவே இருந்து கேட்டேன்.

“சென்னு, அந்தப் பையன் பண்ணலீன்னு உனக்கும் தெரியும். அன்னிக்கு நீயுந்தான பாத்த. ஒரு வார்த்தெ சொல்லு. அவன் ஊரெ உட்டே போறான்.”

அவள் முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பினாள். வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டேன்.

“அவனில்லீன்னா நீங்கதானுங்க” என்றாள். “நீங்கதான் தூக்கறீங்க. நீங்கதான் வெளிக்குக் கூட்டிட்டுப் போறீங்க. ராத்திரிச் சோறு உங்க கையிலதான் திங்கறன். அவனில்லீன்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு உங்க கைல எப்பிடிங்க திங்கறது?”

அதற்குப் பிறகு அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் யாராவது அபிப்பிராயம் கேட்டிருந்தால் அவர் இன்னும் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பேன். அவளைத் தூக்க வேறு ஆள் வைக்க முடியும். ஆனால் அவர் என்னைக் கேட்கவில்லை. மறுநாள் தனியாகத் திருச்செங்கோட்டுக்குப் போய், அவள் சொல்ல மாட்டாள் என்பதைச் சந்தோஷ்குமாரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

“செரிங்க மாமான்னான். அத்தயெப் பாத்துக்கோங்கன்னான்.”

சந்தோஷ்குமார் வடக்கே போகும் ரிக்கில் ஏறிப் போன செய்தியைக் கொண்டுவந்தது செங்கோடன். நான் சென்னம்மாளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். குத்தம் பண்ணுன மனசு ஊருக்குள்ள நிக்க உடுமா என்று அவர் வாசலில் நின்று உரக்கச் சொன்னார். கந்தப்பன் சக்கர நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“போயிட்டானா?” என்று சென்னம்மாள் என்னிடம் கேட்டாள்.

“போயிட்டான்.”

“எப்ப வருவானாம்?”

“தெரியலம்மா.”

அவள் அடுத்த வாய்க்கு உதட்டைத் திறந்தாள். கிண்ணம் காலியாகும் வரை சாப்பிட்டாள். அன்று பிசியோதெரபி நாள். கந்தப்பன் கை கழுவிவிட்டு உள்ளே வந்து, எப்போதும்போல ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் ஒரு கையை முதுகுக்கும் கொடுத்து அவளைத் தூக்கினார். அவள் தன் நல்ல கையை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.